நாள் பார்ப்பதற்கு முன் குடலைப் பாருங்கள்: அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ள பெண் கர்ப்பத்துக்குத் தயாராவது எப்படி?

2016 ஆகஸ்டில் என் முதல் கர்ப்பம் பத்தாவது வாரத்தில் கலைந்தது. பெருங்குடலின் உட்பரப்பு அழற்சியால் புண்ணாகும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயால் அப்போது எனக்கு ஒரு நாளைக்கு எட்டு முறை ரத்தமும் சளியுமாகப் போய்க்கொண்டிருந்தது. சோதனை அட்டையில் இரண்டு கோடு தெரிந்த அன்றே எல்லா மாத்திரைகளையும் நிறுத்தியிருந்தேன். "வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இத்தனை மாத்திரை விழுங்கலாமா?" என்று வீட்டுப் பெரியவர்கள் பதறினார்கள். நாங்கள் முதலில் போய்ப் பார்த்த மகப்பேறு மருத்துவரும் "இப்போதைக்கு நிறுத்துங்கள், பிறகு பார்க்கலாம்" என்றார். நிறுத்திய மூன்றாம் வாரம் நோய் முழு வேகத்தில் திரும்பியது.

கரு கலைந்ததற்கு அதுதான் காரணம் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் பெருங்குடல் புண்பட்டிருக்கும் நேரத்தில் கருத்தரித்தால் கலைவதற்கும், குறைமாதத்தில் பிறப்பதற்கும், எடை குறைந்து பிறப்பதற்கும் வாய்ப்பு கூடுகிறது. குடல் மருத்துவர்கள் இதில் ஒரே குரலில் பேசுகிறார்கள். எனக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. உங்களுக்கு நான் சொல்லிவிடுகிறேன்.

திண்டுக்கல்லில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியை நான். நோய் உறுதியானது 2014இல், என் இருபத்தாறாவது வயதில். 2019 ஜனவரியில் மகள் பிறந்தாள். முதல் கர்ப்பத்துக்கும் அவளுக்கும் இடையில் என்னென்ன செய்தேன், எதை இன்னும் முன்னதாகச் செய்திருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மருந்தின் அளவை மட்டும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். என் உடம்புக்கு எழுதிய சீட்டு உங்களுக்குப் பொருந்தாது.

முதல் வேலை, தள்ளிப்போடுவது

இது கேட்கக் கசப்பாக இருக்கும். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிவிட்டால் "விசேஷம் ஏதும் இல்லையா?" என்ற கேள்வி பந்தியில் உட்கார்ந்தாலும் வரும், பால் வாங்கப் போனாலும் வரும். இருந்தும் ஸ்டீராய்டு இல்லாமல் குறைந்தது மூன்று மாதம், முடிந்தால் ஆறு மாதம் நோய் அடங்கியிருந்த பிறகே முயற்சி செய்ய வேண்டும். "ஸ்டீராய்டு இல்லாமல்" என்ற சொற்களை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ரத்தம் நின்றுவிடும், உடம்பு தேறியதுபோல் இருக்கும். அதை நோய் அடங்கிய காலமாகக் கணக்கில் எடுக்கக்கூடாது. மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, முழுவதும் நிறுத்திய நாளிலிருந்துதான் மாதங்களை எண்ண வேண்டும்.

மதுரையில் என் குடல் மருத்துவர் ஒரு வெள்ளைத்தாளில் வட்டம் போட்டு மூன்றாகப் பிரித்துக் காட்டினார். நோய் தீவிரமாக இருக்கும்போது கர்ப்பமானால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பெண்களுக்கு அது குறைகிறது. இன்னொரு பங்குக்கு அப்படியே நீடிக்கிறது, மீதிப் பங்குக்கு மோசமாகிறது. அடங்கியிருக்கும்போது கர்ப்பமானவர்களிலும் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு நோய் தலைதூக்கலாம். கர்ப்பமில்லாத பெண்களுக்கும் ஏறத்தாழ அதே அளவு உண்டு. கணக்கு டீச்சருக்கு அந்த வட்டமே போதும். தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். மாமியாரிடம் விளக்க அதுவே உதவியது.

தள்ளிப்போடும் காலத்துக்குக் கருத்தடை வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். இந்த நோயிலும் அந்த வாய்ப்பு ஏற்கெனவே கூடுதல். ஆகவே மருத்துவரிடம் கேட்காமல் கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள். ஆணுறையும் காப்பர் டியும் குடலுக்கு எந்தத் தொந்தரவும் தருவதில்லை.

இன்னொரு பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நோய் அடங்கியிருக்கும் பெண்ணின் கருத்தரிக்கும் திறன் மற்றப் பெண்களுடையதைப் போலத்தான். பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலிலேயே பை செய்து பொருத்தும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத்தான் கருக்குழாயைச் சுற்றித் தழும்பு ஒட்டி, கருத்தரிக்கத் தாமதமாகலாம். அவர்கள் காத்திருக்காமல் சீக்கிரமே மகப்பேறு மருத்துவரைப் பார்ப்பது நல்லது. "பிள்ளைக்கும் வந்துவிடுமா?" என்பார்கள். பெற்றோரில் ஒருவருக்கு மட்டும் இருந்தால் நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு வரலாம், மீதிப் பேருக்கு வராது.

உடம்பு சொல்வதை எண்ணாக வாங்குங்கள்

"நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று நாமே சொல்லிக்கொள்வதை நம்ப முடியாது. மூன்று முறை போனாலும் "பழகிவிட்டது" என்று சொல்லிவிடுவோம். பழகிப்போனதால் நோய் அடங்கிவிட்டதாக ஆகாது. மலத்தில் கால்புரொடெக்டின் என்ற புரதத்தை அளக்கும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. குடலில் அழற்சி இருந்தால் அது ஏறும், ஆறினால் இறங்கும். கர்ப்ப காலத்தில் இதற்கு இன்னும் மதிப்பு கூடும். அப்போது ஹீமோகுளோபினும் அல்புமின் என்ற ரத்தப் புரதமும் இயல்பாகவே குறையும், அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். அளவு இயல்பாகவே ஏறும், அதனால் ரத்தப் பரிசோதனையை வைத்துக் குடலின் நிலையைச் சொல்வது கடினம். கால்புரொடெக்டின் அப்போதும் குடலின் நிலையைக் காட்டிக்கொடுக்கும்.

என் முதல் மாதிரியைக் கொண்டுபோன நாள் நன்றாக நினைவிருக்கிறது. அதிகாலை முதல் மலத்தை, மூடியோடு சேர்ந்த சிறு கரண்டியால் அந்தக் குப்பியில் எடுத்து, இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றி, ஐஸ் கட்டி போட்ட எவர்சில்வர் தூக்குவாளிக்குள் வைத்து, மதுரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். பக்கத்து இருக்கைப் பாட்டி, "என்ன தாயி, சாப்பாடா?" என்று கேட்டார். "மருந்து, பாட்டி" என்றேன். கூச்சமாகத்தான் இருந்தது. கூச்சப்பட்டு அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

2017 ஜனவரியில் கால்புரொடெக்டின் எண் 1,460. ஏப்ரலில் 410. அக்டோபரில் 86. 250க்குக் கீழே வந்தால் நல்ல அறிகுறி என்பார்கள். என் மருத்துவர் 100க்குக் கீழே எதிர்பார்த்தார். நவம்பரில் சிக்மாய்டோஸ்கோப்பி (பெருங்குடலின் கடைசிப் பகுதியைக் குழாய்க் கேமராவால் பார்ப்பது) செய்து, உள்தோல் ஆறியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே "இனி முயற்சி செய்யுங்கள்" என்றார். பரிசோதனைக்கு முந்தைய வாரங்களில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைச் சாப்பிட வேண்டாம். எண்ணை ஏற்றிவிடும், சிலருக்கு நோயையே கிளப்பிவிடும்.

அதோடு ஒரு நீள நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். என் நோட்டில் ஐந்து கட்டங்கள்: எத்தனை முறை, ரத்தம் உண்டா, இரவில் எழுந்தேனா, மாத்திரை, எடை. குடல் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் பேசிக்கொள்ளாத ஊரில் அந்த நோட்டுதான் அவர்களுக்கு நடுவே தூது போனது.

எந்த மருந்தைத் தொடரலாம், எதைத் தொடக்கூடாது

கருத்தரிப்பதற்கு முன்பே இந்தப் பேச்சை முடித்துவிட வேண்டும். கோடு தெரிந்த பிறகு பதற்றத்தில் எடுக்கிற முடிவு எப்படி இருக்கும் என்று என் கதையிலேயே பார்த்தீர்கள்.

குடல் அழற்சியைத் தணிக்கும் மெசலமைனைத் தொடரலாம். சில பழைய வகை மாத்திரைகளின் மேற்பூச்சில், கருவுக்கு ஆகாது என்று சந்தேகிக்கப்பட்ட டைபியூட்டைல் தாலேட் என்ற பொருள் இருந்தது. உங்கள் மாத்திரையில் அது இல்லை என்று மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ உறுதி செய்துகொள்ளுங்கள். சல்ஃபாசலசினையும் தொடரலாம், ஆனால் அது ஃபோலிக் அமிலம் உடம்பில் சேர்வதைத் தடுக்கும், அதனால் வழக்கமான அளவு போதாது. நோய் எதிர்ப்பைத் தணிக்கும் அசதயோபிரின் மாத்திரை ஏற்கெனவே ஒத்துப்போனவர்கள் பெரும்பாலும் தொடரலாம். கர்ப்பமான பிறகு அதைப் புதிதாகத் தொடங்குவதில்லை. நான் மெசலமைனும் அசதயோபிரினும் ஒன்பது மாதமும் சாப்பிட்டேன். இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப், வெடோலிசுமாப் போன்ற ஊசிகளையும் இப்போது தொடரவே சொல்கிறார்கள். அமெரிக்காவில் 2007இல் தொடங்கிய பியானோ என்ற பதிவேடு, குடல் அழற்சி நோய் உள்ள கர்ப்பிணிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்தது. இந்த ஊசிகளாலோ அசதயோபிரினாலோ குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு கூடவில்லை என்று அதில் தெரியவந்தது. கருச்சிதைவோடு தொடர்புள்ளதாகத் தெரிந்தது அடங்காத நோய்தான்.

தொடவே கூடாதவற்றில் முதல் இடம் மெத்தோட்ரெக்சேட்டுக்கு. கருவைச் சிதைக்கும், உருக்குலைக்கும். முயற்சிக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே நிறுத்தி, மருத்துவர் சொல்லும் வேறு மருந்துக்கு மாறி, அந்த மருந்தில் நோய் அடங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். டோஃபாசிடினிப் போன்ற புதிய மாத்திரைகளுக்கும் கர்ப்பத்தில் இடமில்லை. இவற்றில் ஏதாவது உங்கள் சீட்டில் இருந்தால், மாற்றும் காலத்தையும் சேர்த்தே நாள் குறியுங்கள்.

நாட்டு மருந்துக் கடைச் சூரணங்களைப் பற்றி ஒரு வார்த்தை. என் சித்தி அன்போடு ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். அதில் என்ன இருக்கிறது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. உலோகம் கலந்த மருந்துகள் உண்டு, கருவுக்கு ஆகாத மூலிகைகளும் உண்டு. "உள்ளே என்ன என்று தெரியாததைப் பிள்ளைக்குக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை, சித்தி" என்று சொன்னேன். அவர் புரிந்துகொண்டார்.

கணவருக்கு இந்த நோய் இருந்தால்

என் பள்ளித் தோழி ஒருத்தியின் தம்பிக்கு இதே நோய். பல வருடமாக சல்ஃபாசலசின் சாப்பிட்டு வந்தார். குழந்தையில்லை என்று மூன்று வருடம் அவர் மனைவியைத்தான் ஸ்கேன் ஸ்கேனாக அலைய விட்டார்கள். சல்ஃபாசலசின் ஆண்களின் விந்தணு எண்ணிக்கையையும் ஓட்டத்தையும் குறைக்கும். நிறுத்தினால் இரண்டு மூன்று மாதத்தில் சரியாகிவிடும். மெசலமைனுக்கு மாற்றிய பிறகு அவருடைய அறிக்கையும் சரியானது. அந்தப் பெண் மூன்று வருடம் கேட்ட பேச்சுகளை யார் திருப்பி எடுப்பது? நோயாளி கணவராக இருந்தால் முதல் கேள்வியாக இதைக் கேட்டுவிடுங்கள்.

ரத்தமும் ஃபோலிக் அமிலமும்

குழந்தையின் தண்டுவடம் உருவாகும் குழாய் கருத்தரித்து நான்கு வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போனதை நாம் கவனித்து, அட்டை வாங்கிப் பார்ப்பதற்குள் அந்த வேலை பாதி முடிந்திருக்கும். ஆகவே ஃபோலிக் அமிலத்தை மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். சல்ஃபாசலசின் சாப்பிடுபவர்களுக்கு ஒரு நாளைக்கு 2 மில்லிகிராமாவது வேண்டும். நம் ஊர்க் கடைகளில் 5 மில்லிகிராம் மாத்திரை எளிதாகக் கிடைக்கிறது, எது என்பதை மருத்துவர் எழுதித்தரட்டும்.

எனக்கு ஹீமோகுளோபின் 8.6 இருந்தது. கீரையும் பேரீச்சையும் மட்டும் அதைச் சரிசெய்யப் போவதில்லை. குடல் புண்ணாக இருக்கும்போது இரும்பு மாத்திரை வயிற்றைப் புரட்டும், சரியாகச் சேராது. கர்ப்பத்துக்கு முன்பே நரம்பு வழியாக அயர்ன் சுக்ரோஸ் ஏற்றிக்கொண்டேன். முதல் மூன்று மாதத்தில் அதைத் தவிர்ப்பார்கள், அதனால் முன்பே ஏற்றிக்கொள்வது நல்லது. 11.2க்கு வந்த பிறகு மாடிப்படி ஏறியபோதுதான் இத்தனை நாள் எவ்வளவு களைத்திருந்தேன் என்று தெரிந்தது. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி மூன்றையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை நோய் அடங்கியிருக்கும்போது தனிப் பத்தியம் இல்லை. பயத்தில் ஒவ்வொன்றாக ஒதுக்கி, தயிர் சாதமும் இட்லியும் மட்டுமே என்று ஆகிவிட்டால் எடை ஏறாது. நான் மீன், முட்டை, பருப்பு, நன்றாக வேகவைத்த காய் எல்லாம் சாப்பிட்டேன். ரத்தம் தெரிந்த நாட்களில் மட்டும் கஞ்சி, குழைந்த சாதம், தோல் நீக்கி வேகவைத்த கேரட் என்று இறங்கினேன். வளைகாப்பில் ஏழு வகைச் சாதத்தையும் ஒவ்வொரு வாய் வாங்கிக்கொண்டேன். புளியோதரையை இரண்டாவது முறை கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கர்ப்பமான பிறகு

2018 மே மாதம் கோடு தெரிந்தது. அன்று இரவும் மாத்திரை சாப்பிட்டேன். கை நடுங்கியது உண்மை.

அந்த வாரமே இரண்டு மருத்துவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து, பிக்மி எண் என்ற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கும்போது, நோயின் பெயரையும் மருந்துகளையும் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் அந்த எண் வேண்டும். சர்க்கரைப் பரிசோதனைக்கு 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுப்பார்கள்; இரண்டு மணி நேரம் கழித்து 140க்குக் கீழே இருக்க வேண்டும். குடித்ததும் எனக்கு வயிறு புரட்டியது, கழிப்பறைப் பக்கமாகவே உட்கார்ந்திருந்தேன். கர்ப்பத்தில் ஸ்டீராய்டு எடுக்க நேர்ந்தவர்கள் இந்தப் பரிசோதனையைத் தவறவிடவே கூடாது, சர்க்கரையை அது ஏற்றும். ரத்தக்கொதிப்பைத் தடுக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரின் வேண்டுமா என்பதையும் மூன்றாம் மாதத்துக்குள் கேட்டுவிடுங்கள்.

இருபத்திரண்டாவது வாரத்தில் எனக்கு ரத்தம் தெரிந்தது. இரும்பு மாத்திரையால் மலம் கறுக்கும், மூலத்தாலும் சொட்டும். ஆனால் சளியோடு கலந்து, அடக்க முடியாத அவசரத்தோடு வந்தால் அது நம் நோய். இரண்டு நாளுக்கு மேல் பொறுக்காமல் குடல் மருத்துவரை அழைத்தேன். எண் 520. ஆசனவாய் வழியாகச் செலுத்தும் மெசலமைன் எனிமா எழுதித்தந்தார். இரவு படுக்கும் முன் கணவர் அந்தப் பிளாஸ்டிக் குப்பியை வெந்நீரில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவருவார். குலுக்கி, இடது பக்கம் சாய்ந்து, வலது முழங்காலை மடக்கி, மெதுவாக அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் அத்தனையும் வெளியே வந்துவிடும். படுக்கையில் ரப்பர் விரிப்பும் பழைய பருத்திச் சேலையும் போட்டுவைத்தேன். பிறகு அப்படியே இடது பக்கமாகத் தூக்கம். கர்ப்பிணியை இடது பக்கம் படுக்கச் சொல்வதும் இதற்குத் தோதாக அமைந்தது. மூன்று வாரத்தில் ரத்தம் நின்றது. அந்த நேரத்தில் குழந்தை உதைக்கத் தொடங்கியிருந்தாள். மருந்து உள்ளே போகும் நேரம் பார்த்து உதைப்பாள்.

நோய் முற்றி மருத்துவமனையில் சேர நேர்ந்தால், கால் நரம்பில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஊசி வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். கர்ப்பமும் இந்த நோயும் இரண்டுமே ரத்தத்தை உறைய வைக்கப் பார்க்கும். சிசேரியன் ஆனாலும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

பிரசவ அறையில் கேட்க வேண்டியவை

இந்த நோய்க்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. எனக்குச் சுகப்பிரசவம்தான், 38 வாரம், 2.7 கிலோ. பை பொருத்தியவர்களுக்கு மட்டும் பெரும்பாலும் சிசேரியனைப் பரிந்துரைப்பார்கள்.

நம் ஊரில் அதிகம் தவறவிடப்படும் இடம் தடுப்பூசி. பிறந்த குழந்தைக்கு இங்கே முதல் நாளிலேயே பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியைப் போட்டுவிடுகிறார்கள். அது உயிருள்ள கிருமித் தடுப்பூசி. தாய் கர்ப்பத்தில் இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் போன்ற ஊசி போட்டிருந்தால், அந்த மருந்து குழந்தையின் ரத்தத்தில் மாதக்கணக்கில் தங்கும். பி.சி.ஜி.யை ஆறு மாதமாவது தள்ளிவைக்க வேண்டும். இன்ஃப்ளிக்சிமாப் என்றால் பிரிட்டனில் பன்னிரண்டு மாதம் என்கிறார்கள். ஊசி அறையில் பழக்கமான ஒரு தோழி தன் கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்: "குழந்தைக்கு பி.சி.ஜி. வேண்டாம். குழந்தை மருத்துவரைக் கேட்கவும்." பிரசவ வலியில் நாம் சொல்ல முடியாது, கணவருக்கும் அம்மாவுக்கும் இது மனப்பாடமாக இருக்க வேண்டும். போலியோ சொட்டு மருந்தும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தும் உயிருள்ளவைதான். அவற்றையும் குழந்தை மருத்துவரிடம் முன்பே பேசிவிடுங்கள். ஹெபடைட்டிஸ் பி ஊசிக்கு இந்தத் தடை இல்லை.

பிரசவத்துக்குப் பிறகு நோய் திரும்புவதற்கு ஒரு முக்கியக் காரணம், தாய்ப்பாலுக்குப் பயந்து மருந்தை நிறுத்துவது. மெசலமைன், அசதயோபிரின், நான் மேலே சொன்ன ஊசிகள் எல்லாவற்றோடும் பால் கொடுக்கலாம். மெத்தோட்ரெக்சேட், டோஃபாசிடினிப் போன்றவற்றோடு கூடாது. நான் பால் கொடுக்க உட்காரும் நாற்காலியின் கைப்பிடியிலேயே மாத்திரைப் பையைக் கட்டித் தொங்கவிட்டேன். பிரசவ லேகியத்தை அம்மா வீட்டிலேயே கிண்டியதால் உள்ளே என்ன என்று தெரியும். அதனால் சிறிது சாப்பிட்டேன்.

ஆறு வாரம் கழிந்து காப்பர் டி போட்டுக்கொண்டேன். மகள் நடக்கத் தொடங்கியதும் மாமியார் அடுத்ததைப் பற்றிக் கேட்டார். "போன வாரம்தான் மாதிரி கொடுத்திருக்கிறேன் அத்தை, எண் வரட்டும்" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நூறுக்குக் கீழேதானே வர வேண்டும்?" என்றார்.